படுக்கையறைக்கு முதல் மியூசிக் சிஸ்டம்: அளவான பணத்தை எதில் போடுவது?

பத்தடிக்குப் பன்னிரண்டடிப் படுக்கையறை, அளவான பணம், பாட்டு வருவதற்கு ஒரு ஃபோனும் ஒரு லேப்டாப்பும். இவற்றை வைத்துக்கொண்டு முதன்முறையாக ஒரு ஸ்டீரியோ செட் அமைக்க விரும்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆம்ப்ளிஃபையர் எத்தனை வாட் இருக்க வேண்டும், டிஏசி (டிஜிட்டல் எண்களை மின் அலையாக மாற்றும் கருவி) தனியாக வாங்க வேண்டுமா, இந்தத் தலைவலியே வேண்டாமென்று ஒரு ஹோம் தியேட்டர் செட்டையோ சவுண்ட்பாரையோ வாங்கிவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பாட்டுக் கேட்பதுதான் முதல் நோக்கம் என்றால் வேண்டாம். மற்றவற்றுக்கு நீங்கள் கேட்ட வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அந்த இடத்துக்கு ஏற்ற ஸ்பீக்கர் அடுத்தது, அந்த ஸ்பீக்கருக்குப் போதுமான ஆம்ப்ளிஃபையர் அதற்கும் பிறகு, டிஏசி கடைசியில்.

ஹோம் தியேட்டர் ஏன் வேண்டாம் என்றால், ஐந்து சிறு ஸ்பீக்கர்களும் தாழ்ந்த ஒலிகளுக்கான ஒரு சப்வூஃபரும் இவற்றை இயக்கும் ஒரு ரிசீவரும் ஒரே அட்டைப்பெட்டியில் வரும்போது, நீங்கள் கொடுக்கும் பணம் ஏழு பங்காகிவிடுகிறது. கையளவு ஸ்பீக்கர்களால் 150, 200 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு அத்தனை அதிர்வு) அளவுக்குக் கீழே பெரிதாக ஒலி எழுப்ப முடியாது என்பதால், ஆண் குரலின் அடிப்பகுதியும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து ஒலியும் மூலையில் கிடக்கும் சப்வூஃபரிலிருந்து வரத் தொடங்கும். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுபிடித்துவிடுமாதலால், பாடுகிறவர் ஓரிடத்திலும் அவருடைய குரலின் கனம் வேறோரிடத்திலுமாகப் பிரிந்து நிற்பார்கள். சவுண்ட்பாரின் குறை வேறு வகையானது. ஸ்டீரியோப் பதிவு என்பது இடைவெளி விட்டு வைக்கப்பட்ட இரண்டு ஸ்பீக்கர்களுக்காகச் செய்யப்படுவது. இடப்பக்க ஒலியையும் வலப்பக்க ஒலியையும் ஒரே குழாய்க்குள் அடைத்துவிட்டால் அந்த இடைவெளி போய்விடும். தொலைக்காட்சிக்கு அடியில் அது நன்றாகவே வேலை செய்யும். பாட்டுக்கு, அதே பணத்தில் இரண்டு நல்ல ஸ்பீக்கர்களே மேல்.

இனி வாட் கணக்கு. ஸ்பீக்கரின் விவரத்தாளில் சென்சிட்டிவிட்டி என்றோர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கும் என்பதை அது சொல்கிறது. அலமாரியில் வைக்கும் அளவுள்ள ஸ்பீக்கர்களுக்குப் பெரும்பாலும் அது 84 முதல் 88 வரை இருக்கும்; 86 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்தால் 6 டெசிபெல் குறைந்து 80 ஆகும். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிப்பதால் குறைந்தது 3 கூடி 83 ஆகும். சுவர்கள் திருப்பியனுப்பும் ஒலி அதற்கு மேலும் கொஞ்சம் சேர்க்கும். படுக்கையறையில் உறுத்தாமல் கேட்கும் அளவு சராசரியாக 70 முதல் 75 டெசிபெல்தான். 75 என்றே எடுத்துக்கொண்டாலும், அதற்கு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வாட் போதும். தாள வாத்தியத்தின் அடிகள் சராசரியைவிட 20 டெசிபெல் எகிறும் கணங்கள் உண்டு. 20 டெசிபெல் என்பது நூறு மடங்கு சக்தி. எனவே அந்தக் கணங்களுக்கு 16 வாட் வேண்டும். ஆகவே உண்மையான 20 அல்லது 30 வாட் உங்கள் அறைக்குத் தாராளம். 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. ஒலி இரு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு சக்தி, தேவைப்படும். 1978-இல் வெளிவந்து, குறைந்த பணத்தில் நல்ல ஒலி என்பதற்கு அளவுகோலாகவே ஆகிப்போன நாட் 3020 ஆம்ப்ளிஃபையரின் திறன் பக்கத்துக்கு (அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு) 20 வாட்தான்.

உண்மையான வாட் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிஎம்பிஓ (உச்ச இசைச் சக்தி) என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் வாட்டுக்கு எந்தப் பொருளும் கிடையாது. அதைக் கண்டவுடன் பெட்டியைக் கீழே வைத்துவிடலாம். இப்போது கிடைக்கும் உள்ளங்கையளவு கிளாஸ் டி என்ற மின்சிக்கன வகை ஆம்ப்ளிஃபையர்கள் அப்படிப்பட்டவை அல்ல, நல்ல கருவிகள்தான். ஆனால் அவற்றின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவற்றில் பலவற்றுக்கு அடிப்படையான டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ 3116 சிப்பை எடுத்துக்கொண்டால், பக்கத்துக்கு 50 வாட் என்ற அதன் கணக்கு 4 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கரில், 21 வோல்ட் மின்சாரத்தில், ஒலி 10 சதவீதம் சிதைவதை அனுமதித்து எடுத்தது. 10 சதவீதச் சிதைவு காதுக்கு நன்றாகவே தெரியும். நீங்களே சரிபார்க்க ஒரு வழி உண்டு: கருவியோடு வரும் அடாப்டரைத் திருப்பி அதன் ஒட்டுச்சீட்டைப் படியுங்கள். அதில் 19 வோல்ட், 4 ஆம்பியர் என்று போட்டிருந்தால் இரண்டையும் பெருக்க 76 வாட் வருகிறது. மேலே ‘100+100’ என்று எழுதியிருந்தாலும் அந்த 76-ஐத் தாண்டித் தொடர்ந்து எதுவும் வெளியே வர முடியாது. இவ்வகைக் கருவி 19 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் கொடுக்கக்கூடியது ஏறத்தாழ 22 வாட். 24 வோல்ட் அடாப்டரில் அது 36 வரை போகும். மேலே போட்ட கணக்கின்படி இரண்டுமே உங்களுக்குப் போதும். அதே கருவியை 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் 9 வாட்தான் மிஞ்சும், அது நெருக்கடி.

ஆம்ப்ளிஃபையரில் இப்படி மிச்சமாகும் பணம் முழுவதும் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்பது என் முடிவு. மொத்தத்தில் பத்துக்கு ஆறு ஏழு பங்கு அதற்கு ஒதுக்கலாம். இதற்கு நேர்மாறான கருத்து ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. 1970களில் ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம், முதலில் டர்ன்டேபிளுக்குத்தான் செலவழிக்க வேண்டும், இசைத்தட்டிலிருந்து எடுக்கத் தவறியதைப் பின்னால் வரும் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது என்று வாதிட்டது. ஊசியும் மோட்டாரும் ஒலியைத் தீர்மானித்த காலத்தில் அதில் நியாயம் இருந்தது. 1982-இல் குறுந்தகடு சந்தைக்கு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் எண்களைப் பிழையில்லாமல் படித்து மின் அலையாக மாற்றும் வேலையை இன்று மிக மலிவான சிப்களே செய்துவிடுகின்றன. ஸ்பீக்கரோ இன்றும் காகிதத்தையும் துணியையும் பிளாஸ்டிக்கையும் கம்பிச்சுருளால் அசைத்துக் காற்றைத் தள்ளும் இயந்திரம்தான். சங்கிலியில் மிகப் பெரிய பிழைகள் இன்று அங்கேதான் இருக்கின்றன, அதற்கடுத்து அறையில்.

நல்ல ஸ்பீக்கரை எப்படி அடையாளம் காண்பது? கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்டு டூல் 1980களில், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துப் பலரைக் கேட்கச்செய்து மதிப்பெண் போடவைத்தார். பெயரும் விலையும் தெரியாதபோது பெரும்பாலானவர்கள் ஒரே வகை ஸ்பீக்கர்களையே விரும்பினார்கள்: எந்தச் சுருதியையும் தூக்கிக் காட்டாமலும் அமுக்காமலும் சமமாக ஒலிப்பவை, நேர் முன்னால் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் அதே குணத்தோடு ஒலியைப் பரப்புபவை. ஆகவே முதல் நிமிடத்திலேயே ‘ஆஹா, என்ன பளிச்’ என்று தோன்றவைக்கும் ஸ்பீக்கரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அது பெரும்பாலும் உச்ச ஒலிகளைத் தூக்கி வைத்திருக்கும், அரை மணி நேரத்தில் காதைக் களைப்பாக்கும். கேட்டுப் பார்க்க நன்கு பழகிய ஒரு பெண் குரலையும், ஒரு வயலினையும், தாள வாத்தியம் தெளிவாகப் பதிவான ஒரு பாட்டையும் கொண்டுபோங்கள். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்தாவிட்டால் சற்றே உரக்க ஒலிப்பதுதான் எப்போதும் வெல்லும். ஃபோனில் போட்டுக்கொள்ளும் ஒலியளவு மானிச் செயலி இதற்குப் போதும்.

அளவைப் பொறுத்தவரை, உங்கள் அறைக்கு தாழ்ந்த ஒலிகளுக்கு ஐந்து அல்லது ஆறு அங்குல வூஃபரும் உச்ச ஒலிகளுக்கு ஒரு ட்வீட்டரும் கொண்ட இருவழி ஸ்பீக்கர் பொருத்தம். சிறியது என்று தயங்க வேண்டியதில்லை. ஒலிபரப்பு வேன்களின் குறுகிய இடத்தில் வைத்துப் பதிவுகளைச் சரிபார்ப்பதற்காக பிபிசி பொறியாளர்கள் 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ, ஐந்து லிட்டர் பெட்டியும் ஐந்து அங்குல வூஃபரும் மட்டுமே கொண்டது. குரல்களை இயல்பாக ஒலிப்பதில் அதன் புகழ் இன்றுவரை குறையவில்லை. வார்ஃபடேல், கியூ அகூஸ்டிக்ஸ், எலாக் போன்றவர்களின் தொடக்கநிலை அலமாரி ஸ்பீக்கர்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. உயரமான தரைநிலை ஸ்பீக்கர்களைப் பத்தடி அறைக்குள் கொண்டுவருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை தரும் கூடுதல் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிதான், சிறிய அறையில் முதல் தொல்லையாக மாறும்.

ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரா, தனியாக வைப்பதா என்பது நீங்கள் கேட்கும் தொலைவைப் பொறுத்தது. மேசைமுன் ஒரு மீட்டருக்குள் அமர்ந்து கேட்பதாக இருந்தால் ஆம்ப்ளிஃபையரை உள்ளேயே கொண்ட ஆக்டிவ் மானிட்டர்களே சிக்கனம். வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர் வைத்து, இரண்டுக்கும் இடையே ஒலியைப் பிரிக்கும் வேலையையும் மின்னணு முறையில் துல்லியமாகச் செய்திருப்பார்கள். யமஹா எச்எஸ்5, ஜேபிஎல் 305பி போன்றவை இந்த இனம். வாங்குமுன் பாட்டை நிறுத்திவிட்டு, அமைதியான இடத்தில் ட்வீட்டரிடம் காதைக் கொண்டுபோங்கள். ‘உஸ்’ என்ற மெல்லிய இரைச்சல் அரை மீட்டரிலும் கேட்டால் இரவில் அது உறுத்தும். கட்டிலில் சாய்ந்து இரண்டு மீட்டர் தொலைவில் கேட்பதாக இருந்தால், சாதாரண ஸ்பீக்கரும் ஒரு சிறு ஆம்ப்ளிஃபையரும் என்ற பழைய முறையே எனக்குப் பிடித்தது. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம்; பழையதாகவும் வாங்கலாம்.

படுக்கையறைக்கே உரிய இன்னொரு விஷயம், பலரும் தாங்கள் வாங்கிய ஸ்பீக்கரைக் குறைசொல்லக் காரணமாக இருப்பது, மெல்லிய ஒலியில் கேட்பது. நம் காது எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவில் கேட்பதில்லை என்பதையும், ஒலியளவு குறையக் குறையத் தாழ்ந்த சுருதிகள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்துபோகின்றன என்பதையும் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். ஸ்டுடியோவில் 80 டெசிபெல் அளவில் கேட்டுக் கலந்த பாட்டை நள்ளிரவில் 55 டெசிபெல்லில் கேட்டால் பேஸ் காணாமல் போனதுபோல் இருக்கும். ஸ்பீக்கரிடம் எந்தக் குற்றமும் இருக்காது. இதற்காகத்தான் பழைய ஆம்ப்ளிஃபையர்களில் ‘லவுட்னஸ்’ என்றொரு பொத்தான் இருந்தது. யமஹாவின் சில ஆம்ப்ளிஃபையர்களில் தேவையான அளவுக்குத் திருப்பிக்கொள்ள ஒரு தனித் திருகே உண்டு. தூய்மைவாதிகள் பேஸ், ட்ரெபிள் (உச்ச ஒலி) திருகுகளே இல்லாத ஆம்ப்ளிஃபையரைத்தான் மெச்சுவார்கள். உங்களுக்கு அவை இருக்கும் ஆம்ப்ளிஃபையரைத்தான் சிபாரிசு செய்கிறேன், ஏனெனில் அடுத்த அறையில் ஒருவர் உறங்கும்போது கேட்கப்போகிறவர் நீங்கள்.

இப்போது அறைக்கு வருவோம். செலவே இல்லாமல் மிகப் பெரிய மாற்றம் கிடைப்பது இங்கேதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே தாழ்ந்த ஒலிகள் முன்னும் பின்னும் மோதிச் சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் தேங்கி நிற்கும். ஒலியின் வேகமான வினாடிக்கு 343 மீட்டரை, அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் அதிர்வெண் கிடைக்கும். உங்கள் பன்னிரண்டடிக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ், பத்தடிக்குச் சுமார் 56. கூரையும் பத்தடி உயரமாக இருந்துவிட்டால் அகலமும் உயரமும் ஒரே சுருதியில் சேர்ந்துகொண்டு அதை இன்னும் தூக்கும். இந்தத் தேக்கம் சுவரை ஒட்டி உச்சத்திலும் அறையின் நட்டநடுவில் ஏறத்தாழ வெறுமையாகவும் இருக்கும். கட்டிலின் தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து கேட்கிறவருக்கு பேஸ் ‘தொம் தொம்’ என்று வீங்கித் தெரிவதும், அவரே எழுந்து அறை நடுவில் வந்து நின்றால் அது மாயமாக மறைவதும் இதனால்தான். சுவரிலிருந்து தலையை முக்கால் மீட்டர் முன்னே கொண்டுவர முடிந்தால், ஒரு திண்டு வைத்தோ கட்டிலை நகர்த்தியோ, வேறெந்தச் செலவையும்விட அது அதிகம் உதவும்.

ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் இடையே வேறொரு கணக்கு உண்டு. பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, முன்னால் நேரே வரும் ஒலியைச் சில இடங்களில் அழித்துவிடும். வூஃபரின் முகப்பு சுவரிலிருந்து ஒரு மீட்டரில் இருந்தால் சுமார் 86 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். 60 சென்டிமீட்டரில் இருந்தால் அது 143 ஹெர்ட்ஸுக்கு நகரும், அதாவது குரல்களின் கனம் இருக்கும் பகுதிக்கே வந்துவிடும். பெரிய அறையில் ஸ்பீக்கரை நன்றாக முன்னே இழுத்துவிடலாம். பத்தடி அறையில் அது நடக்காதாகையால், எதிர்ப்பக்கம் போவதே உசிதம்: பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் ஐந்து பத்து சென்டிமீட்டர் மட்டும் விட்டு நெருக்கி வைப்பது. பள்ளம் மேலே போய்ச் சிறுத்துவிடும். சுவரின் துணையால் பேஸ் ஏறும். அப்படி ஏறியது மிகையானால் ஆம்ப்ளிஃபையரின் பேஸ் திருகைக் குறைக்கலாம். பெட்டியின் பின்புறம் காற்றுத்துளை இருந்தால் அதில் ஒரு சுருட்டிய காலுறையையோ நுரைப்பஞ்சையோ செருகிப் பாருங்கள். சில நிறுவனங்கள் நுரை அடைப்பானைப் பெட்டியோடே தருகின்றன. மூலையில் மட்டும் வைக்காதீர்கள், ஏனெனில் இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்து பேஸை எல்லை மீறித் தூக்கிவிடும்.

இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் ஏறத்தாழச் சமபக்க முக்கோணமாக அமையட்டும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும்; கட்டிலில் சாய்ந்தால் காது எவ்வளவு தாழ்வில் இருக்கும் என்பதை ஒருமுறை அளந்துவிட்டு மேசையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கரின் முன்விளிம்பையோ பின்விளிம்பையோ சிறு கட்டையால் உயர்த்தி உங்களை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். பிறகு ஒரு தனிக்குரல் பாட்டைப் போட்டுவிட்டு, ஸ்பீக்கர்களை இரண்டிரண்டு விரல்கடை அளவுக்கு உள்நோக்கித் திருப்பிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் குரல் இரண்டு பெட்டிகளையும் விட்டுவிட்டு, நடுவில் ஒன்றுமில்லாத இடத்தில் வந்து நிற்கும். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எவ்வளவு திருப்பியும் குரல் நடுவுக்கு வராமல், பேஸும் மெலிந்திருந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது என்று பொருள். அந்த ஒன்றில் கம்பிகளை மாற்றிவிட்டால் சரியாகிவிடும். மெத்தை, தலையணை, கனத்த திரை, துணி நிறைந்த திறந்த அலமாரி எல்லாம் நடு, உச்ச ஒலிகளின் எதிரொலியை உறிஞ்சிவிடுவதால், வரவேற்பறையைவிடப் படுக்கையறை இந்த வகையில் கொடுத்துவைத்தது. பேஸை மட்டும் இவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டுவதால் எதுவுமே ஆகாது.

மூலக் கருவிக்குச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் அங்கே பிரச்சினை அவ்வளவுதான். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு கம்பி எடுத்து ஆம்ப்ளிஃபையரில் செருகிக் கேளுங்கள். இரைச்சல் இல்லாமலும் போதுமான ஒலியோடும் வந்தால் டிஏசி வாங்கும் எண்ணத்தை ஒத்திவைக்கலாம். இரைச்சல் இருந்தால், ஃபோன்களுக்காக விற்கப்படும் விரலளவு யுஎஸ்பி அடாப்டர் ஒன்றே போதும். ஆப்பிளின் அடாப்டர் அளவீடுகளில் பல மடங்கு விலையுள்ள பெட்டிகளோடு போட்டியிடக்கூடியது, ஆனால் சில ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அது மிகக் குறைந்த ஒலியையே தரும் என்பதால் உங்கள் ஃபோனில் சோதித்துவிட்டு வாங்குங்கள். ப்ளூடூத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒலியைச் சுருக்கி அனுப்ப அது கையாளும் முறைகளில் அடிப்படையான எஸ்பிசியே நல்ல தரத்தில் வினாடிக்கு 328 கிலோபிட் வரை அனுப்பும், உயர்தர முறையான எல்டாக் 990 வரை அனுப்பும். குறுந்தகட்டின் 1411-ஐவிட இரண்டும் குறைவுதான் என்றாலும், படுக்கையறையில் ஸ்பீக்கரில் கேட்கும்போது வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் ‘ம்ம்’ என்ற உறுமல் கேட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் தரையிணைப்புகள் ஒரு வளையமாகிவிடுவதால் வருவது. சார்ஜரைக் கழற்றிப் பார்த்தாலே உறுதியாகிவிடும், அந்த வேளைகளில் ப்ளூடூத்தே தப்பிக்கும் வழி.

ஸ்பீக்கர் கம்பிக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். இதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, விற்பவர்கள் பேசுவார்கள்.

பழையதாக வாங்கினால் அதே பணத்தில் ஒரு படி மேலான ஸ்பீக்கர் கிடைக்கும், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். வூஃபரின் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரையாலானதா ரப்பராலானதா என்று முதலில் பாருங்கள். நுரை வளையம் பதினைந்து இருபது ஆண்டுகளில் தானாகவே பொடிந்துபோகும், நகத்தால் மெல்லத் தொட்டாலே உதிரும். ரப்பர் நீண்டநாள் தாங்கும். அடுத்து, மின்சாரம் இல்லாதபோது கூம்பின் இரு பக்கமும் விரல்நுனிகளைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் நல்லது. உள்ளே மணல் உரசுவதுபோல் கேட்டால் கம்பிச்சுருள் காந்தத்தில் உராய்கிறது, அதை வாங்காதீர்கள். இரண்டு ட்வீட்டர்களும் ஒலிக்கின்றனவா என்று ஒவ்வொன்றிடமும் காது வைத்துக் கேளுங்கள்; செத்துப்போன ட்வீட்டரைச் சற்றுத் தள்ளி நின்றால் பலரும் கவனிப்பதேயில்லை. ஆம்ப்ளிஃபையரில் ஒலித் திருகை மெல்லத் திருப்பும்போது வரும் கரகரப்பு சுத்தம் செய்தால் போகக்கூடியது, அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பாட்டு எதுவும் ஓடாதபோது, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை நேர்மின்னழுத்த (டிசி) அளவில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை, நூறைத் தாண்டினால் அந்த ஆம்ப்ளிஃபையர் உங்கள் ஸ்பீக்கரையும் கெடுத்துவிடும்.

செட் ஓடத் தொடங்கி ஓரிரு மாதங்கள் கழித்து, பேஸில் இன்னும் வீக்கம் உறுத்தினால் லேப்டாப்பிலேயே அதைத் திருத்தலாம். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு அளவீட்டு மைக்கும் இருந்தால் உங்கள் அறை எந்த அதிர்வெண்ணைத் தூக்குகிறது என்பது திரையில் வரைபடமாகத் தெரிந்துவிடும். மைக்கை யாரிடமாவது இரவல் வாங்கினாலே போதும், ஒருநாள் வேலைதான். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் வழியாக அந்த மேட்டை மட்டும் குறுகலாக வெட்டிவிடுங்கள். பள்ளங்களை நிரப்ப முயலாதீர்கள். ஒலிகள் ஒன்றையொன்று அழிப்பதால் விழுந்த பள்ளத்தில் எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் அதுவும் அழிந்துபோகும், ஆம்ப்ளிஃபையரும் வூஃபரும்தான் திணறும்.

சப்வூஃபரை இந்த முதல் செட்டில் சேர்க்க வேண்டாம். ஒரு வருடம் கேட்ட பிறகும் கீழே ஏதோ குறைகிறது என்று தோன்றினால் அப்போது ஒன்றை வாங்கி, ஸ்பீக்கரும் அதுவும் ஒலியைப் பங்கிட்டுக்கொள்ளும் பிரிப்பு அதிர்வெண்ணை 80 ஹெர்ட்ஸிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வையுங்கள். அதை எங்கே வைப்பது என்று அறிய, முதலில் நீங்கள் உட்காரும் இடத்திலேயே அதை வைத்து, பேஸ் சுரங்கள் படிப்படியாக ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். பிறகு தரையோடு தரையாகக் காதை வைத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து, எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஒரே கனத்தில் கேட்கின்றனவோ அந்த இடத்துக்கு சப்வூஃபரை மாற்றிவிடுங்கள்.